டூப்ளே காலத்து நாற்காலியில் ஸ்டார் ஸ்க்ரூ: புதுச்சேரிப் பழம்பொருள் கடைகள்

பழம்பொருள் வாங்கப் புதுச்சேரிக்கு வரலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: மரச்சாமான் வாங்க வராதீர்கள், சில்லறைச் சாமான் பொறுக்க வாருங்கள். நாணயம், தபால்தலை, பழைய காகிதம், பித்தளைப் பாத்திரம், எனாமல் சாமான், இதெல்லாம் இந்த ஊரில் கிடைக்கும் மாதிரி வேறு ஊரில் கிடைக்காது.

மரச்சாமான் ஏன் வேண்டாம் என்றால், பழைய பிரெஞ்சுக்காரர் பகுதியான ஒயிட் டவுன் பக்கம் நான் ஏறி இறங்கிய பெரிய கடைகளில் (பெயர் சொல்லப் போவதில்லை) நல்ல சரக்காக இருப்பது செட்டிநாட்டுக் கதவும் தூணும்தான். அதற்கு நேராகக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கே போய்விடலாம். மீதியெல்லாம் சாயம் பூசிப் பழசாக்கிய 'பிரெஞ்சு காலனி' ரகம். ஒரு கடையில் பிரம்பு பின்னிய நாற்காலியைக் காட்டி, "சார், இது டூப்ளே காலத்துது, கவர்னர் மாளிகைலேர்ந்து வந்தது" என்றார்கள். கவிழ்த்துப் பார்த்தால் அடிக்கட்டையில் ஸ்டார் ஸ்க்ரூ, தலையில் கூட்டல் குறி மாதிரி வெட்டியிருக்குமே, அது. பிரெஞ்சு கவர்னராக இருந்த டூப்ளே 1754-லேயே ஊரைவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார், ஸ்டார் ஸ்க்ரூ புழக்கத்துக்கு வந்ததே 1930-களில்தான். "ரிப்பேர் பண்ணப்ப போட்டிருப்பாங்க சார்." சரி, இருக்கலாம். ஆனால் நாலு காலிலும் அதே ஸ்க்ரூ, துளையின் ஓரத்தில் சாயம் இறங்காமல் மரம் புத்தம் புதுசாக வெளுத்துத் தெரிந்தது. 48,000 சொன்னார்கள், வாசல்படி இறங்குவதற்குள் 30,000 ஆகிவிட்டது. உட்கார வசதியாகத்தான் இருந்தது, வெறும் நாற்காலி விலைக்குக் கொடுத்திருந்தால் வாங்கியிருப்பேன்.

பளபளக்கும் பித்தளைக் குழாய் வைத்த கிராமபோன்களையும் விட்டுவிடுங்கள். அநேகமாகப் புதுப் பெட்டிக்குள் எங்கேயோ கழற்றிய பழைய மோட்டாரை வைத்து, எச்.எம்.வி. கம்பெனியின் நாய் படத்தை ஒட்டியிருப்பார்கள்.

எந்தக் கடைக்குப் போவதற்கு முன்னாலும் பாரதி பூங்கா பக்கத்தில் செயின்ட் லூயிஸ் வீதியில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். டூப்ளே படுத்ததாகச் சொல்லும் கட்டில் அங்கே இருக்கிறது, ஆள் தள்ளிப்போகும் புஸ்-புஸ் வண்டி இருக்கிறது, பிரெஞ்சுக்கார வீட்டுச் சாமான்கள் இருக்கின்றன. சும்மா சுற்றி வராமல் ஒவ்வொன்றின் விளிம்பையும் பாருங்கள். கை படும் இடம் மட்டும் தேய்ந்து வழவழப்பாகி, கை எட்டாத மூலை கூர்மையாகவே நிற்கும். போலி செய்பவர் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருப்பார். இந்த ஒரு வித்தியாசம் கண்ணில் பட ஆரம்பித்துவிட்டால் பாதிக் கடைகளுக்குள் நீங்கள் நுழையவே மாட்டீர்கள். சோழர் செப்புத் திருமேனிகளும் அரிக்கமேட்டுப் பொருட்களும் அதே கட்டடத்தில்தான். 1945-ல் தொல்லியல் ஆய்வாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டிய, புதுச்சேரிப் பக்கத்து அதே அரிக்கமேடு, ரோமாபுரி மதுச்சாடித் துண்டுகளும் மணிகளும் கிடைத்த இடம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'அரிக்கமேட்டு மணி' என்று கையில் வைத்துக்கொண்டு யாராவது காதோரம் வந்து கிசுகிசுத்தால் நடையைக் கட்டுங்கள். போலி என்றால் காசு போச்சு, அசல் என்றால் அது திருட்டுச் சரக்கு.

அப்புறம் சண்டே மார்க்கெட். மகாத்மா காந்தி வீதி நெடுக ஞாயிற்றுக்கிழமை துணிமணிதான் குவிந்து கிடக்கும், நமக்கு வேண்டியது நடுநடுவே தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பவர்கள். ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 'கிழக்கிந்தியக் கம்பெனி' காசை முதலில் நீட்டுவார்கள். கம்பெனி அப்படி ஒரு காசு அடித்ததே இல்லை, அத்தனையும் பிற்காலத்து வார்ப்பு. அதைத் தள்ளிவிட்டு டப்பாவின் அடியைக் கிளறினால், அதிர்ஷ்டம் இருந்தால், 'டூடூ' என்கிற செம்புக் காசு கிடைக்கும். சின்னக் காசுதான், வெட்டு சரியில்லாமல் கோணலாகக்கூட இருக்கும். ஒரு பக்கம் பிரெஞ்சு அரசரின் லில்லிப் பூ, திருப்பினால் தமிழில் புதுச்சேரி. ஊர்ப் பெயரைத் தமிழிலேயே அடித்து பிரெஞ்சுக்காரன் விட்ட காசு. எனக்கு இதற்கு மேல் இந்த ஊரில் எந்தப் பழம்பொருளும் பெரிசில்லை.

தபால்தலை சேர்ப்பவர்கள் 1923-ஐ ஒட்டிய பிரெஞ்சிந்தியத் தலைகளைத் தேடுங்கள். அதுவரை பிராங்கில் இருந்த விலையை அந்த வருஷம் உள்ளூர்க் கணக்குக்கு மாற்றினார்கள்: 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். கையிருப்பில் இருந்த பிரம்மா படத் தலைகள் மேலேயே புது விலையை அச்சடித்து விட்டார்கள். தனித் தலையைவிட உறையோடு கிடைத்தால் விடாதீர்கள், முத்திரையில் ஊரும் தேதியும் இருக்கும்.

கடைசியாக நான் திரும்பத் திரும்பப் போகும் ஒரே கடை. போர்டு கிடையாது, தமிழர் பகுதியில் ஒரு சந்துக்குள், பாதி காயலான் கடை மாதிரி இருக்கும். சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்கள்) குடும்பங்கள் வீடு காலி செய்யும்போது வரும் சாமான்தான் பெரும்பாலும்: பிரெஞ்சுப் பட்டாளத்துப் பதக்கம், பென்ஷன் காகிதம், பெஜோ காப்பி அரைவை மிஷின் (ஆமாம், கார் செய்யும் அதே பெஜோதான்), ஓரம் தெறித்த எனாமல் தட்டு. போன முறை ஒரு பித்தளைச் சொம்பு எடுத்தேன். கழுத்தைச் சுற்றி உளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது, மெஷினில் எழுதியது இல்லை. உள்ளே ஈயம் பாதி போய், அடியில் பச்சைக் களிம்பு. "நூறு வருஷம் இருக்குமாண்ணே?" என்றேன். "அதெல்லாம் இல்ல தம்பி, எங்க அம்மா கல்யாணத்துக்கு வாங்கின சொம்பும் இப்படித்தான் இருக்கும், அறுபது எழுபது வருஷம் போட்டுக்க." வயசைக் குறைத்துச் சொல்லும் கடைக்காரரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. விலையும் எடைக்கு மேல் கொஞ்சம்தான்.

சாமி சிலை எதுவும் அவர் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. 1972 சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய சிலை, நாணயம், கைவினைப் பொருள் எல்லாம் தொல்பொருள், கையெழுத்துச் சுவடிக்கு 75 வருஷமே போதும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது, சில வகைகளைப் பதிவும் செய்ய வேண்டும். பிரான்ஸிலிருந்து வரும் உறவுக்காரர்களுக்குப் பரிசு வாங்குபவர்கள் பில்லில் பொருளின் வயதையும் எழுதி வாங்குங்கள்.

ஒரு சின்னக் காந்தமும் லென்ஸும் பையில் இருக்கட்டும், பித்தளை முலாம் போட்ட இரும்பு நிறைய உலவுகிறது. அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. சந்துக் கடை அண்ணன் மதியம் ஒரு மணிக்குக் கதவைச் சாத்தினால் நாலு மணிக்கு மேல்தான் திறப்பார், நடுவில் போன் போட்டாலும் எடுக்க மாட்டார்.