உடல் அளவா, கைரேகையா? 1890களின் கேள்வி

பெயரை மாற்றிச் சொல்லும் பழைய குற்றவாளியை எப்படி அடையாளம் காண்பது? அன்றைய காவல்துறைக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன.

கருவி: பாரிஸ் காவல்துறையின் பெர்த்தியோன் வகுத்த உடல் அளவு முறைக்கு அளவுகோல்கள், பயிற்சி பெற்ற ஆள், 11 அளவுகள் தேவை. கைரேகைக்கு மையும் காகிதமும் போதும்.

பிழை: ஒரே கையை இருவர் அளந்தால் சில மில்லிமீட்டர் வேறுபடும். வளரும் பையனின் அளவோ அடுத்த வருடமே மாறிவிடும். ரேகை பிறக்கும் முன்பே உருவாகிறது, சாகும்வரை மாறுவதில்லை.

தேடுவது: இதில் ரேகை முதலில் பின்தங்கியிருந்தது. கல்கத்தாவில் வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் கீழ் அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவரும் உழைத்து, பத்து விரல் பதிவுகளை 1024 பிரிவுகளாகப் பிரிக்கும் முறையை உருவாக்கினார்கள். ஆனால் அது ஹென்றியின் பெயரிலேயே நிலைத்துவிட்டது. 1897-இல் அங்கே ரேகைப் பணியகம் தொடங்கியது.

நீதிமன்றம்: குற்றவாளி தன் உயரத்தை விட்டுச் செல்வதில்லை, விரல் பதிவை விட்டுச் செல்கிறான். 1898-இல் விசாரிக்கப்பட்ட ஒரு வழக்கில், வங்காளத்தின் ஜல்பாய்குரியில் கொலையுண்ட தேயிலைத் தோட்ட மேலாளரின் பஞ்சாங்கத்தில் பழுப்பு நிறக் கட்டைவிரல் கறை. அது முன்னாள் வேலைக்காரனுடையது எனத் தெரிந்தது. ஆனாலும் திருட்டுக்கு மட்டுமே தண்டனை. ரேகையை மட்டும் நம்பிக் கொலைத் தீர்ப்பு எழுத நீதிமன்றம் தயங்கியது. எனக்கு அந்தத் தயக்கம் சரியாகவே படுகிறது. ஆனால் 1905-இல் லண்டனில் காசுப்பெட்டியில் இருந்த ஒரு கட்டைவிரல் பதிவு, இரு சகோதரர்களைத் தூக்குமேடைக்கு அனுப்ப முக்கியச் சான்றானது.

சிறைக்கு வந்த வயதுவந்தவர் பழைய ஆளா என்று பார்க்க மட்டும் என்றால் அளவுமுறையே ஓரளவு போதும். நடந்த இடத்தையும் ஆளையும் இணைக்க ரேகைதான் வேண்டும். அதுவும் தெளிவான பதிவாக இருந்து, இன்னொரு நிபுணர் தனியாகச் சரிபார்த்திருந்தால் மட்டும். மங்கலான பதிவில் நிபுணரும் தவறுவார். 2004 மாட்ரிட் குண்டுவெடிப்பு விசாரணையில் கிடைத்த ஒரு பதிவை, அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. ஒரு நிரபராதியின் ரேகை என்று தவறாகச் சொன்னதால், அவர் காவலில் இருந்தார்.