தனுஷ்கோடியில் ராத்திரி டென்ட் என்று யார் சொன்னாலும் பணம் கட்டாதீர்கள். எங்களுக்கு 18,400 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரிதான் மதுரை வந்து சேர்ந்தோம். கோபம் கொஞ்சம் அடங்கட்டும், அப்புறம் எழுது என்றார் வீட்டுக்காரர். அடங்குகிற மாதிரி இல்லை, இப்போதே எழுதிவிடுகிறேன். எதையெல்லாம் விசாரிக்கணும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

மகள் ஏழாவது படிக்கிறாள். கடல் ஓரமாக சைக்கிளில் போகணும் என்று ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு பயண முன்பதிவுச் செயலியில் இந்த பேக்கேஜ் கண்ணில் பட்டது. ராமேஸ்வரம் தீவு, இரண்டு நாள், ஆளுக்கொரு கியர் சைக்கிள், ஹெல்மெட், தனுஷ்கோடி கரையில் டென்ட்டில் ஒரு ராத்திரி, மீன் குழம்புச் சாப்பாடு, விடிகாலையில் தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை. நான், வீட்டுக்காரர், மகள், என் தம்பி என நான்கு பேருக்கு 18,400 ரூபாய். அட்வான்ஸ் 4,000 ரூபாயை செயலியிலேயே கட்டினேன்.

அன்றைக்கே நடத்துகிறவர் போன் செய்தார். "அக்கா, நாலு பேரோட உயரமும் சொல்லுங்க. அதுக்குத் தகுந்த சைக்கிள்தான் எடுத்து வைப்பேன். பாப்பாவுக்கு சீட் உசரமா இருந்தா இடுப்பு வலிக்கும்." எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது அந்த ஒரு பேச்சில்தான். மகளைச் சுவரோடு நிறுத்தி, தலைக்கு மேல் ஸ்கேல் வைத்து, பென்சிலால் கோடு போட்டு அளந்து சொன்னேன். 148 சென்டிமீட்டர். "சூப்பர் அக்கா, அவளுக்கு சின்ன ஃப்ரேம் ஒண்ணு தனியா வச்சிடுறேன்" என்றார். மீதிப் பணத்தை செயலியில் போட்டால் கமிஷன் பிடிப்பார்கள், எனக்கே அனுப்பிவிடுங்கள் என்றார். இவ்வளவு அக்கறையாகக் கேட்கிற மனிதர் ஏமாற்றுவாரா என்று 14,400 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். வந்த பெயர் அவர் சொன்ன பெயரே இல்லை. "மாமா அக்கவுண்ட் அக்கா" என்றார். அதையும் நம்பினேன்.

சனிக்கிழமை காலை ராமேஸ்வரம் ஸ்டேஷன் வாசலில் ஒரு பையன் டாடா ஏஸில் நான்கு சைக்கிளை இறக்கினான். நாலும் ஒரே அளவு, பெரியவர்கள் ஓட்டுவது. மகளுக்கு வாங்கியதில் செயின் முழுக்கத் துரு, பின் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு ரிம்மில் உரசியது. ஹெல்மெட் ஒன்றுகூட இல்லை, பஞ்சர் கிட் இல்லை. டென்ட்டும் சாப்பாடும் சாயங்காலம் நேராக தனுஷ்கோடிக்கு வந்துவிடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

அங்கிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். முகுந்தராயர் சத்திரம் தாண்டினால் ஒரு பக்கம் அலை அடங்கிய பெண் கடல், இன்னொரு பக்கம் சீறுகிற ஆண் கடல் (அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்), நடுவில் ரோடு மட்டும்தான். ஒதுங்க நிழல் கிடையாது. கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. சீட் எட்டாமல் மகள் நின்றபடியே மிதித்து வந்தாள். இடிந்த தேவாலயத்துக்கு நாலைந்து கிலோமீட்டர் முன்னால் அவளுடைய செயின் அறுந்தது. தம்பி அதைத் தள்ளிக்கொண்டே வந்தான்.

ஐந்து மணி வரை தேவாலயத்துச் சுவர் ஓரம் காத்திருந்தோம். டென்ட் வரவில்லை. போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். அப்போது போலீஸ் ஜீப் வந்தது. எல்லோரும் கிளம்புங்க என்று சொல்லிக்கொண்டே வந்தவர், நாங்கள் டென்ட் என்றதும் நின்றுவிட்டார். "இங்க டென்ட்டா? ராத்திரி வெளியாளுங்க யாரும் தங்க அனுமதி கிடையாதும்மா. உங்களுக்கு யார் சொன்னது?" 1964 டிசம்பர் புயலில் ஊரே அழிந்த இடம், ராத்திரி தங்க விடுவதில்லை என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அதைத்தான் எங்களுக்கு 18,400 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள்.

மீன் வறுத்து விற்கிற ஒரு அம்மாதான் அவர் வீட்டு லோடு ஆட்டோவில் எங்களை ஏற்றி அனுப்பினார். சைக்கிள்களை அவர் கடை ஓரத்திலேயே நிறுத்தி போட்டோ எடுத்து அந்த ஆளுக்கு அனுப்பினேன். பணம் கொடுத்தால் அந்த அம்மா வாங்கவில்லை. பிள்ளைக்குத் தண்ணீர் பாட்டிலும் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை செயலியின் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். "நடத்துபவரிடம் பேசுங்கள் மேடம்." அவர் போனை எடுத்தார், "செயலியில் கேளுங்கள் அக்கா" என்றார். மறுபடி செயலி: "எங்கள் கணக்குக்கு வந்தது 4,000 மட்டும்தான். பயணத் தேதி முடிந்துவிட்டதால் அதையும் திருப்ப முடியாது." 14,400 பற்றிப் பேசவே மாட்டேன் என்கிறார்கள். டென்ட் ஏன் வரவில்லை என்று அந்த ஆளிடம் கேட்டால் முதலில் காற்று பலம் என்றார், பிறகு டிரைவருக்குக் காய்ச்சல் என்றார். கடைசியாக அவர் அனுப்பிய மெசேஜ்: "சைக்கிளை பாதியில் விட்டுவிட்டுப் போனது உங்கள் தவறு. ரீஃபண்ட் கிடையாது." செயின் அறுந்த சைக்கிளைச் சொல்கிறார். அதற்கப்புறம் என்னை பிளாக் செய்துவிட்டார். 148 சென்டிமீட்டர் என்று குறித்துக்கொண்ட அதே ஆள்.

இன்று காலை சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். 1915 நுகர்வோர் எண்ணிலும் சொல்லியிருக்கிறேன்.

விவரமாக எழுத இப்போது மனசு ஓடவில்லை. இவ்வளவுதான்: மீதிப் பணத்தை வெளியே அனுப்பாதீர்கள். கணக்கில் வேறு பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சைக்கிளை ஓட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். தனுஷ்கோடிக்குப் பகலில் போய் வாருங்கள், தங்குவது ராமேஸ்வரத்தில். மன்னார் வளைகுடாத் தீவுகளில் கேம்பிங் என்று யாராவது விற்றாலும் வேண்டாம், அது தேசியப் பூங்கா.

அடுத்த வாரத்துக்கு இதே மாதிரி பேக்கேஜ் யாராவது புக் செய்திருந்தால், அந்த 'மாமா அக்கவுண்டு'க்கு மீதியை இன்றைக்கு அனுப்பாதீர்கள். முதலில் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், அந்த ஆள் அனுப்பிய மெசேஜ்களின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வைத்திருக்கிறேன்.