வயரா, வயர்லெஸ்ஸா: எடை குறைந்த கேமிங் மவுஸ்

எடை: இப்போது பெரிய வித்தியாசம் இல்லை. 2020-இல் வந்த ரேசர் வைப்பர் மினி (வயர்) 61 கிராம். அதே ஆண்டு வந்த லாஜிடெக் ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட் (வயர்லெஸ்) 63 கிராமுக்குள்.

விலை: அறிமுகத்தின்போது முன்னது 40 டாலர், பின்னது 150 டாலர். இங்கே வயர்தான் ஜெயிக்கிறது.

வேகம்: இரண்டும் விநாடிக்கு 1000 முறை தகவல் அனுப்பும். ஆனால் வயர்லெஸ் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள்தான் (மவுஸோடு வரும், யுஎஸ்பியில் செருகும் சின்ன ரிசீவர்). ப்ளூடூத்தில் விளையாட வேண்டாம். டாங்கிளைச் சிபியு பின்னால் செருகாமல், நீட்டிப்பு கேபிள் போட்டு மவுஸ் பக்கத்தில் வையுங்கள்.

உழைப்பு: வயர் மவுஸில் முதலில் போவது கேபிள், மவுஸுக்குள் நுழையும் இடத்தில். என் பழைய மவுஸ் அங்கேதான் விட்டு விட்டு வேலை செய்தது. அப்புறம் மேஜை விளிம்பில் கேபிள் உரசி இழுக்கும் அந்த இழுப்பு! குறி பார்க்கும் நேரத்தில் கை நன்றாகவே உணரும். துணி உறை போட்ட மெல்லிய கேபிளும், கேபிளை மேஜையில் உரசாமல் தூக்கிப் பிடிக்கும் பஞ்ஜி ஸ்டாண்டும் இருந்தால் முக்கால்வாசி சரியாகிவிடும். வயர்லெஸ்ஸில் பேட்டரிதான் வயதாகும்.

பட்ஜெட் இறுக்கமா, சார்ஜ் போட மறப்பவரா? வயர் வாங்குங்கள். சென்சிட்டிவிட்டி (கை அசைவுக்குக் குறி நகரும் அளவு) குறைத்து, கையை அகலமாக வீசி வாலரன்ட் போன்ற துப்பாக்கிச் சுடும் கேம் ஆடுபவர் காசு சேர்த்து வயர்லெஸ்ஸே வாங்கலாம்.