அலமீடா கவுண்டி பசுமைக் கட்சியின் வாக்காளர் கையேடு: எதை நம்பலாம், எதைச் சரிபார்க்க வேண்டும்

கலிஃபோர்னியாவில் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுத்ததோடு வாக்காளரின் வேலை முடிவதில்லை. 2024 நவம்பரில் மாநில அளவில் மட்டும் 10 ப்ராப்பொசிஷன்கள் (மக்களே நேரடியாக வாக்களித்து முடிவெடுக்கும் முன்மொழிவுகள்) இருந்தன. அதற்குமேல் கவுண்டி, நகரம், பள்ளி மாவட்டம் என்று ஆங்கில எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மெஷர்கள், அதாவது உள்ளூர் முன்மொழிவுகள் வேறு. நகர சபை, பள்ளி வாரியம் போன்ற உள்ளூர்ப் பதவிகளில் வேட்பாளரின் பெயருக்குப் பக்கத்தில் கட்சிப் பெயர் இருக்காது. கவுண்டி அனுப்பும் அதிகாரப்பூர்வக் கையேட்டில் கட்சிகள் தங்கள் ஆதரவுப் பட்டியலைக் கொடுக்கலாம் என்றாலும், அது மாநில, காங்கிரஸ் பதவிகளுக்குத்தான். நமக்கு அதிகம் தெரியாத உள்ளூர்ப் போட்டிகள் அந்தப் பட்டியலில் வருவதில்லை.

அந்த இடைவெளியை நிரப்புவதால்தான் ஓக்லண்ட், பெர்க்லி, ஃப்ரீமாண்ட் பகுதிகளை உள்ளடக்கிய அலமீடா கவுண்டியின் பசுமைக் கட்சி வெளியிடும் கையேடு பயன்படுகிறது. தொண்டர்களே எழுதுகிறார்கள். வேட்பாளர்களுக்குக் கேள்வித்தாள் போகிறது. சிலரிடம் நேரிலோ தொலைபேசியிலோ பேசுகிறார்கள். மெஷர்களுக்குப் பொது ஆவணங்களைத் திரட்டிப் படிக்கிறார்கள். பிறகு கூட்டம் கூட்டி முடிவெடுக்கிறார்கள். "இவருக்குப் போடுங்கள்" என்ற ஒற்றை வரியோடு விடாமல், ஏன் என்பதையும் பத்தி பத்தியாக எழுதுவதுதான் இதன் பெரிய பலம். கட்சிக் கொள்கை பிடிக்காதவர்கூட அந்தக் காரணங்களைப் படித்து எதிர்முடிவுக்கு வரலாம்.

முதலில் கையேட்டின் குறியீடுகளைப் புரிந்துகொள்ள வேண்டும். "ஆதரவு இல்லை" என்றிருந்தால், உள்ளே கருத்து ஒத்துப்போகவில்லை, அல்லது நிலைப்பாடு எடுக்க அவசியமில்லை என்று பொருள். எதுவுமே எழுதாமல் விட்டிருந்தால், ஆள் பற்றாக்குறையால் அந்தப் போட்டியை ஆராயவே இல்லை. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். வெற்றிடத்தைப் பார்த்து "இவர்களுக்குப் பிடிக்கவில்லை போல" என்று முடிவு கட்டினால், ஆராயப்படாத ஒருவரைத் தண்டிக்கிறீர்கள். தங்கள் குறையை இப்படி வெளிப்படையாகச் சொல்லும் கட்சிக் கையேடுகள் குறைவு. அதற்காகவே இதற்கு மதிப்பு கூடுகிறது.

பாண்ட் மெஷர்களுக்கு "ஆம், ஆனால் வழக்கமான தயக்கத்துடன்" என்று ஒரு வகை உண்டு. கடன் பத்திரம் மூலம் பணம் திரட்டுவது நேரடி வரியைவிடச் செலவு கூடியது, ஆகவே வேறு வழியில் நிதி கிடைக்காத அத்தியாவசிய வேலைகளுக்கு மட்டுமே ஆதரவு என்பது அவர்கள் நிலைப்பாடு. கணக்குப் போட்டால் புரியும்: 10 கோடி டாலரை 4% வட்டிக்கு 30 வருடத் தவணையில் வாங்கினால், திருப்பிக் கட்டுவது சுமார் 17.3 கோடி. ஆனால் கையேடு அழுத்திச் சொல்ல வேண்டிய இன்னொரு பாதி இருக்கிறது: அந்தச் சுமை யார் தலையில் எவ்வளவு விழுகிறது?

1978இன் ப்ராப்பொசிஷன் 13படி, வீட்டின் வரி மதிப்பு விற்பனை ஆகும்வரை வருடத்துக்கு அதிகபட்சம் 2%தான் ஏறும். கடன் பத்திரத்தைத் திருப்பிக் கட்ட வசூலிக்கும் பாண்ட் வரி அந்த மதிப்பின் மீதே விதிக்கப்படுகிறது. ஒவ்வொரு லட்சம் டாலருக்கும் 25 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சமீபத்தில் 12 லட்சத்துக்கு வீடு வாங்கியவர் வருடம் 300 டாலர் கட்டுவார். பல வருடங்களுக்கு முன்பே வாங்கி, வரி மதிப்பு 3 லட்சத்திலேயே நிற்கும் பக்கத்து வீட்டுக்காரர் 75 டாலர் கட்டுவார். மதிப்பைப் பார்க்காமல் ஒவ்வொரு மனைக்கும் விதிக்கும் பார்சல் டாக்ஸ் என்றால் பெரும்பாலும் இருவருக்கும் ஒரே தொகை. ஃப்ரீமாண்ட், டப்ளின் பக்கம் அண்மையில் வீடு வாங்கிய நம்மவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். உள்ளூர் பாண்ட் மெஷரோடு கவுண்டி கையேட்டில் வரி விகித அறிக்கை ஒன்று இருக்கும். அதில் மொத்தமாகத் திருப்பிக் கட்டும் தொகையும் மதிப்பிடப்பட்டிருக்கும். கட்சியின் பத்தியைப் படிப்பதற்கு முன் அந்த எண்ணைப் பாருங்கள். ஜெயிக்க எவ்வளவு வாக்கு தேவை என்பதையும் பாருங்கள்: பள்ளி பாண்டுக்கு 55% போதும், நகரத்தின் பாண்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

ஆழம் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி இல்லை. ஓக்லண்டுக்கும் பெர்க்லிக்கும் கிடைக்கும் அலசல் தெற்கிலும் கிழக்கிலும் உள்ள நகரங்களுக்குக் கிடைப்பதில்லை. அங்கே இருப்பவர்கள் மாநில ப்ராப்பொசிஷன்களுக்கு மட்டும் இதை வைத்துக்கொண்டு, பள்ளி வாரியத்துக்கு வேறு வழி பார்ப்பது நல்லது.

பலர் சறுக்குவது "ஆம்", "இல்லை" திசையில். 2020இன் ப்ராப்பொசிஷன் 25 ஒரு சட்டத்தை மக்கள் மறுபரிசீலனைக்குக் கொண்டுவந்தது. ரொக்க ஜாமீனை ஒழிக்கும் அந்தச் சட்டம் நிற்க வேண்டுமானால் "ஆம்" போட வேண்டும். சட்டத்தை எதிர்த்துக் கையெழுத்து திரட்டியவர்கள் கேட்டதோ "இல்லை". கையேட்டின் பரிந்துரையை வாக்குச்சீட்டில் பதிக்கும் முன், "ஆம் என்றால் என்ன நடக்கும்" என்று மாநிலக் கையேடு சொல்லும் இரண்டு வரியை ஒப்பிட்டுவிடுங்கள்.

ஓக்லண்ட், பெர்க்லி, சான் லியாண்ட்ரோவில் 2010 முதல் வரிசைமுறை வாக்களிப்பு, அதாவது வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் குறிப்பது. அங்கே ஒரே பெயரை மட்டும் ஆதரிப்பது அரைகுறை உதவிதான். 2022 ஓக்லண்ட் மேயர் தேர்தலில் முதல் விருப்பத்தில் முந்தியவர் லோரன் டெய்லர். அடுத்த விருப்பங்கள் சேர்ந்தபின் ஷெங் தாவ் 677 வாக்கில் வென்றார். கையேடு 1, 2 என்று வரிசை தந்தால் அப்படியே நிரப்பலாம். ஒரே பெயர்தான் இருந்தால் மிச்ச இடங்களை நீங்களே யோசித்து நிரப்புங்கள். ஒரே ஆளை எல்லா வரிசையிலும் குறித்தாலும் ஒரு வாக்குதான்.

தபாலில் வரும் பளபளப்பான ஸ்லேட் மெயிலர்களோடு (யாருக்கு, எதற்கு வாக்களிக்கலாம் என்று பட்டியல் போட்ட விளம்பர அட்டைகள்) இந்தக் கையேட்டைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவற்றில் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால், அந்த இடத்துக்கு அந்த வேட்பாளரோ பிரசாரமோ பணம் கொடுத்திருக்கிறது என்று பொருள். "அதிகாரப்பூர்வக் கட்சி அமைப்பு அல்ல" என்ற வரியும் பொடி எழுத்தில் இருக்கும்; தேடிப் படியுங்கள். அதேபோல் வாக்குச்சீட்டில் வரும் "கட்சி விருப்பம்" என்பது வேட்பாளர் தானே சொன்னது. 2010இன் ப்ராப்பொசிஷன் 14க்குப் பிறகு அது கட்சியின் ஆதரவுக்குச் சான்று ஆகாது.

கத்தரித்து எடுத்துச்செல்ல ஒரு சுருக்க அட்டையும் கையேட்டில் தருகிறார்கள். உங்கள் சொந்தக் குறிப்பாக வாக்குச்சாவடிக்குள் கொண்டுபோகத் தடையில்லை. ஆனால் 100 அடிக்குள் பிறர் பார்க்கும்படி காட்டுவதும் அங்கே விட்டுவிட்டு வருவதும் பிரசாரமாகிவிடும். மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மாற்ற நினைத்த இடங்களை வீட்டிலேயே பேனாவால் அடித்து எழுதிவிட்டுக் கிளம்புங்கள்.