யூனிடன் பிசி125ஏடி ஸ்கேனர்: கூட்ஸ் வண்டியைத் துரத்திப் படம் பிடிப்பவர்களுக்கு எவ்வளவு உதவும்?

தெற்குக் கலிபோர்னியாவில் கூட்ஸ் வண்டிகளைப் படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு மலைப்பாதைகளுக்குத்தான் போவார்கள். ஒன்று, சான் பெர்னார்டினோவுக்கு வடக்கே உள்ள கஹோன் கணவாய். இன்னொன்று, பேக்கர்ஸ்ஃபீல்டுக்கும் மொஹாவிக்கும் நடுவில் உள்ள டெஹாச்சபி. 1876இல் திறந்த, நீளமான ரயில் தன் வாலுக்கு மேலேயே ஏறிச் சுற்றிப் போகும் அந்த வளையம் இங்கேதான் இருக்கிறது. இரண்டு இடத்திலும் கூட்ஸ் வண்டிக்கென்று பொதுமக்கள் பார்க்கும்படி கால அட்டவணை எதுவும் கிடையாது. அரை மணியில் நான்கு வண்டி வரும். அப்புறம் மூன்று மணி நேரம் ஒன்றுமே வராது. எது வருகிறது, எந்தப் பக்கமிருந்து, எந்த லைனில் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள நமக்கிருக்கும் நம்பகமான வழி, டிரைவரும் கட்டுப்பாட்டு அறையும் பேசிக்கொள்ளும் ரேடியோதான்.

அதைக் கேட்பதற்குப் பலரும் வாங்கும் ஸ்கேனர், அதாவது பல அலைவரிசைகளை மாறி மாறித் தேடிக் கேட்கும் கைக்கருவி, யூனிடன் நிறுவனத்தின் இந்த பிசி125ஏடி. விலை 100 டாலருக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கூட்ஸ் வண்டி துரத்துவதற்கு இதைவிட அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. ஆனால் டப்பாவிலிருந்து எடுத்த கையோடு காரில் போட்டுக்கொண்டு போனால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது. சேனல்களைச் சரியாக அமைக்க வேண்டும், ஆன்டெனாவை மாற்ற வேண்டும், காதில் விழுவதைக் கணக்காக மாற்றத் தெரிய வேண்டும்.

கருவியில் 500 சேனல்கள், 50 வீதம் 10 பேங்குகளாக, அதாவது தொகுதிகளாக, பிரித்திருக்கிறார்கள். அமெரிக்க ரயில்வேக்களின் பேச்சு 160.215 முதல் 161.565 மெகாஹெர்ட்ஸ் வரை, இன்னமும் பெரும்பாலும் பழைய அனலாக் எஃப்எம்மில்தான் நடக்கிறது. ஆகவே டிஜிட்டல் பேச்சைப் பிரித்துக் கேட்கும் பல நூறு டாலர் ஸ்கேனர்கள் இந்த வேலைக்கு வீண் செலவு. அவை போலீஸ், தீயணைப்புப் பேச்சைக் கேட்க விரும்புகிறவர்களுக்கானவை. சில ரயில் யார்டுகளில் டிஜிட்டல் வந்திருக்கலாம். பிசி125ஏடியில் அது வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். மலையில் ஓடும் வண்டியைத் துரத்துகிறவருக்கு அதனால் இழப்பில்லை.

சேனல் அமைப்பது எளிது. ரயில்வே அட்டவணைகளில் அலைவரிசையை மெகாஹெர்ட்ஸில் எழுதமாட்டார்கள். ஏஏஆர் (அமெரிக்க ரயில்வேக்களின் சங்கம்) வகுத்த சேனல் எண்ணாகத் தருவார்கள். 7272 என்றிருந்தால், அனுப்பவும் 72, கேட்கவும் 72 என்று பொருள். சேனல் எண்ணிலிருந்து 7ஐக் கழித்து, 0.015ஆல் பெருக்கி, 160.215ஐக் கூட்டினால் அலைவரிசை வந்துவிடும். 72க்கு 161.190. 7 முதல் 97 வரை மொத்தம் 91 சேனல்கள்; இரண்டு பேங்கில் அடங்கிவிடும். எங்கே போகப் போகிறோம் என்று முடிவாகாத பயணத்துக்கு இந்த 91ஐயும் கடைசி இரண்டு பேங்குகளில் நிரப்பி வைப்பது நல்லது. கஹோனுக்குத் தேவையானவை முதல் பேங்கில், டெஹாச்சபிக்கானவை இரண்டாவதில் என்று தனியாக இருக்கட்டும். ஸ்கேன் ஓடும்போதே எண் பட்டனை அழுத்தி அந்தந்த பேங்கைத் திறக்கலாம், மூடலாம். கை விசைகளில் ஒவ்வொன்றாக அடிப்பது பொறுமையைச் சோதிக்கும். யூனிடன் தரும் இலவச விண்டோஸ் மென்பொருளில் யூஎஸ்பி கேபிள் வழியாக ஏற்றுவதுதான் புத்திசாலித்தனம். ஒவ்வொரு சேனலுக்கும் 16 எழுத்துக்குள் பெயர் வைக்கலாம். இடப்பெயரையும் சேனல் எண்ணையும் சேர்த்தே வையுங்கள்.

ஒலி மெல்லியதாகக் கேட்கிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். 2013 தொடக்கத்திலிருந்து இந்த அலைவரிசைகள் குறுகிய அகலத்துக்கு மாறிவிட்டன. சேனல் எஃப்எம் என்று இருந்தால் பேச்சு அடங்கித்தான் வரும். என்எஃப்எம் (குறுகிய எஃப்எம்) என்று கையால் மாற்றிவிடுங்கள்.

இனி, பலரும் கவனிக்காமல் விடும் ஓர் அலைவரிசை: 457.9375. கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் சிவப்பு விளக்கோடு மாட்டியிருக்கும் ஈஓடி என்ற சிறிய பெட்டி, பிரேக் குழாயின் அழுத்தத்தை இன்ஜினுக்குத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்கும். அது இந்த அலைவரிசையில்தான் பேசும். காதுக்கு 'சிர்ர்' என்ற ஒரு நொடிக்கும் குறைவான ஓசை, அவ்வளவுதான். சக்தி மிகக் குறைவு என்பதால் அது கேட்டாலே வண்டி சில கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். டிரைவர் வாயே திறக்காத வண்டியையும் இது காட்டிக்கொடுத்துவிடும். 452.9375 இதற்கு எதிர்த்திசை, இன்ஜினிலிருந்து வாலுக்கு. வண்டியின் நடுவிலும் பின்னாலும் சேர்த்து, முன் இன்ஜினிலிருந்து ரேடியோ வழியாக இயக்கும் டிபியூ இன்ஜின்களுக்கு 452.925, 452.950, 457.925, 457.950 என்று நான்கு. மலை ஏறும் நீண்ட வண்டிகளில் பின்னால் இன்ஜின் இருப்பது வழக்கம். அப்படிப்பட்ட வண்டியின் வாலில் தனியாக ஈஓடி பெட்டி இருக்காது. ஆகவே இந்த நான்கையும் சேர்க்காவிட்டால் கஹோனில் பாதி வண்டிகள் சொல்லாமல் வந்து போய்விடும்.

இந்த டேட்டா சேனல்கள் எல்லாவற்றுக்கும் டிலே மதிப்பை (சத்தம் நின்றபின் அந்தச் சேனலிலேயே காத்திருக்கும் நேரத்தை) 0 ஆக வையுங்கள். வழக்கமான 2 நொடியில் விட்டால், ஒவ்வொரு 'சிர்'ருக்கும் ஸ்கேனர் அங்கேயே நின்று காத்திருக்கும். அந்த 2 நொடியில்தான் டிரைவர் தன் இன்ஜின் எண்ணையும் திசையையும் சொல்லி முடித்திருப்பார். பேச்சு சேனல்களுக்கு 2 நொடி சரி. பதில் வருகிறதா என்று அந்த 2 நொடியும் அங்கேயே நிற்கும்.

கருவியோடு வரும் ரப்பர் ஆன்டெனா 25 மெகாஹெர்ட்ஸிலிருந்து 512 வரை எல்லாவற்றுக்கும் பொதுவானது. அதனாலேயே எதற்கும் சிறப்பானதல்ல. 161 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளம் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். பிஎன்சி முனையுள்ள (செருகித் திருகி மாட்டும் வகை), நீட்டி மடக்கும் ஆன்டெனா ஒன்று வாங்கி, அந்த அளவுக்கு நீட்டினால் வித்தியாசம் உடனே தெரியும். கார் ஓடும்போது அதுவும் போதாது, இரும்புக் கூட்டுக்குள் சிக்னல் பாதி செத்துவிடும். காந்த அடியுள்ள ஆன்டெனாவைக் கூரையின் நடுவில் ஒட்டி, கேபிளைக் கதவு ரப்பரின் இடுக்கில் விடுங்கள். ஊருக்குள் பெரிய ஆன்டெனாவோடு போனால் பேஜர், வானிலை ஒலிபரப்பு போன்ற பலமான சிக்னல்கள் கருவியைத் திணறடிக்கும். ரயில் சேனலில் சம்பந்தமில்லாத குரல் கேட்கும். கோளாறு என்று பயப்பட வேண்டாம். ஊரைத் தாண்டினால் போய்விடும், இல்லாவிட்டால் எல்/ஓ பட்டனை ஒருமுறை தட்டி அந்தச் சேனலைத் தற்காலிகமாக ஒதுக்கலாம். இருமுறை தட்டினால் நிரந்தரமாகப் போய்விடும், கவனம். மலிவான கார் யூஎஸ்பி சார்ஜரும் இரைச்சல் கிளப்பும். செருகியதும் ஸ்கேனர் ஓயாமல் இரைந்தால் சார்ஜரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இந்தக் கருவிக்குக் கொடுத்த காசு முழுதாகத் திரும்பி வருவது டிடெக்டர் பேசும்போது. தண்டவாளத்தோரம் ஆங்காங்கே இருக்கும் இந்தத் தானியங்கிகள், சூடேறிய அச்சையும் தரையில் இழுபடும் பொருளையும் கண்டுபிடித்து, வண்டி கடந்ததும் ரேடியோவில் அறிவிக்கும். எந்த ரயில்வே, எந்த மைல்கல், எந்த லைன், கோளாறு உண்டா, மொத்தம் எத்தனை அச்சு, சிலவற்றில் வேகமும். 410 அச்சு என்று கேட்கிறது என்று வையுங்கள். முன்னும் பின்னுமாக 5 இன்ஜின், ஒன்றுக்கு 6 அச்சு வீதம் 30 போக மிச்சம் 380. நான்கால் வகுத்தால் 95 பெட்டி. (பிஎன்எஸ்எஃப் என்ற ரயில்வே நிறுவனத்தின் இஎஸ்44சி4 இன்ஜினில் நான்கு அச்சுக்குத்தான் மோட்டார். ஆனாலும் அச்சு ஆறுதான், கணக்கு மாறாது.) இரட்டை அடுக்குக் கன்டெய்னர் வண்டியில் இந்த வகுத்தல் உதவாது. கன்டெய்னர் வைக்கும் ஐந்து தொட்டிகள் இணைந்த ஒரு வண்டிக்கு மொத்தமே 12 அச்சுதான், ஆகவே அச்சு எண்ணிக்கையை வைத்து நீளத்தைக் குறைவாக மதிப்பிட்டுவிடுவோம்.

நேரம் கணக்கிடும்போது பலர் தடுமாறுவது இங்கேதான். முழு அறிக்கை வருவது வால் கடந்த பிறகு. அந்த 95 பெட்டி வண்டி, பெட்டிக்கு 60 அடி வைத்து, இன்ஜின்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 1.15 மைல் நீளம். டிடெக்டரிலிருந்து 5 மைல் தள்ளி நாம் நிற்கிறோம், வண்டி மணிக்கு 20 மைல் வேகம் என்றால், 15 நிமிடம் இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். இன்ஜின் அதற்குள் 1.15 மைல் வந்துவிட்டது, மிச்சம் 3.85 மைல், பதினொன்றரை நிமிடம்தான். முக்காலியை விரித்து, வெயில் படும் பக்கத்துக்கு இறங்கிப் போய், ஃபோகஸ் பார்த்து நிற்க அது போதும். தூரத்தை மைலிலேயே வைத்துக்கொள்ளுங்கள், மைல்கற்கள் மைலில்தான் இருக்கின்றன. சில டிடெக்டர்கள் கோளாறு இருந்தால் மட்டுமே பேசும் என்பதையும் மறக்க வேண்டாம். மௌனத்தை வைத்து வண்டி இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

டெஹாச்சபியில் ஸ்கேனரின் அருமை இன்னும் அதிகம். பெரும்பகுதி ஒற்றை லைன். ஒரு வண்டி சைடிங்கில் (ஒதுங்கி நிற்பதற்கான பக்க லைனில்) ஒதுங்கினால்தான் இன்னொன்று போக முடியும். பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கமிருந்து ஏறும்போது கலியன்டே, பீல்வில், கிளிஃப், ரோவன், உட்ஃபோர்ட், வாலாங், மார்செல், கேபிள் என்று வரிசை. இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். வளையம் இருப்பது வாலாங்கில். லைன் யூனியன் பசிபிக் ரயில்வேயுடையது, அதில் பிஎன்எஸ்எஃப் வண்டிகளும் உரிமை பெற்று ஓடுகின்றன. ஏறுகிற வண்டி உட்ஃபோர்ட்டில் ஒதுங்கி நிற்கப் போகிறது என்று கேட்டால், இறங்கும் வண்டியை முதலில் வளையத்தில் எடுத்துவிட்டு, அப்புறம் ஏறும் வண்டிக்குக் காத்திருக்கலாம். 58ஆம் நெடுஞ்சாலையில் கீன் வழியாக இறங்கி உட்ஃபோர்ட்-டெஹாச்சபி சாலையில் நின்றால், தனியார் நிலத்துக்குள் காலடி வைக்காமலே வளையம் முழுவதும் தெரியும். ஃபார்ம் பி என்ற சொல் அடிக்கடி காதில் விழுந்தால் லைனில் ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்று பொருள். அப்போது சாப்பிடப் போய்விடலாம். வேலை முடிந்ததும் தேங்கிய வண்டிகள் அடுத்தடுத்து வரும், அந்த நேரத்துக்குத் திரும்பி வந்து நில்லுங்கள்.

மலை மடிப்புகளுக்குள் எந்த ஆன்டெனாவும் சாதிக்காது. டிடெக்டர் அடுத்த முகட்டுக்கு அப்பால் இருந்தால் கேட்கவே கேட்காது. மேட்டில் காரை நிறுத்திக் கேட்டுவிட்டு இறங்குவதுதான் வழி. இணையத்தில் நேரலையாக வரும் ரயில் ரேடியோவை நம்பினால், அது சில பத்து நொடிகள் தாமதமாக வரும். பள்ளத்தாக்கில் போன் சிக்னலே விட்டுவிட்டு வரும்.

கஹோனில் எந்த லைன் என்பதே கேள்வி. 2008இல் மூன்றாவது சேர்ந்தபின் பிஎன்எஸ்எஃப்புக்கு மட்டும் மூன்று. மேலே, 1967இல் சதர்ன் பசிபிக் போட்டு இப்போது யூனியன் பசிபிக் கையில் இருக்கும் பாம்டேல் லைன் தனி. ஒரு லைனில் சரிவு 3 சதவீதம், மற்றவற்றில் 2.2. லைன் எண்ணைக் கேட்காமல் நின்றால், நமக்குத் தேவையான வண்டியை இன்னொரு வண்டி மறைத்துவிட வாய்ப்பு அதிகம்.

குறைகளும் உண்டு. ஒலிபெருக்கி சிறியது, நெடுஞ்சாலையில் ஜன்னலைத் திறந்தால் ஒன்றும் கேட்காது. இயர்போன் துளையிலிருந்து காரின் ஆக்ஸுக்கு (கார் ஸ்டீரியோவில் வெளி ஒலியைச் செருகும் துளைக்கு) வயர் இழுங்கள். இரண்டு காதிலும் இயர்போன் மாட்டி ஓட்டுவது கலிபோர்னியாவில் குற்றம். பேட்டரி அறைக்குள் அல்கலைன், நிக்கல் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. சாதாரண ஏஏ பேட்டரியைப் போட்டுவிட்டு அதை நிக்கலில் விட்டால், யூஎஸ்பி செருகியதும் கருவி அதைச் சார்ஜ் செய்ய முயலும். பேட்டரி கசிந்து முனைகள் அரித்துவிடும். இன்னொன்று கருவியின் குற்றமல்ல: 2020 இறுதிக்குள் பிடிசி என்ற தானியங்கிப் பாதுகாப்பு முறை கட்டாயமான பாதைகளிலெல்லாம் நடைமுறைக்கு வந்துவிட்டது. உத்தரவுகளில் ஒரு பகுதி திரையிலேயே போய்விடுவதால் பேச்சு குறைந்துவருகிறது. அதனால்தான் ஈஓடி, டிபியூ அலைவரிசைகளை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

மாநில எல்லை தாண்டினால் சட்டத்தைப் பாருங்கள். கென்டக்கி, மினசோட்டா, நியூயார்க், புளோரிடா, இந்தியானா மாநிலங்களில் போலீஸ் அலைவரிசையைப் பிடிக்கும் கருவியைக் காரில் வைத்திருக்கக் கட்டுப்பாடு உண்டு. இது அவற்றையும் பிடிக்கும். இந்தியாவில் வயர்லெஸ் கருவிகளுக்கு உரிம விதிகள் இருக்கின்றன, ஆகவே ஊருக்கு வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து வம்பை விலைக்கு வாங்காதீர்கள்.

பழையது வாங்குவதானால் மூன்றைப் பாருங்கள். பேட்டரி முனைகளில் பச்சை படிந்திருக்கிறதா, பிஎன்சி முனை ஆடுகிறதா, கணினி யூஎஸ்பி வழியாகக் கருவியைக் கண்டுகொள்கிறதா. மூன்றாவது இல்லையென்றால் 91 சேனலையும் விரலால்தான் அடிக்க வேண்டும். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.