5×5, 5/3/1, ரெப் ஏற்றும் முறை: எடையை எப்போது கூட்டுவது?

ஜிம்மில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியும் அதே 40 கிலோவில் பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி பாரை மேலே தள்ளுவது) போட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறைய. உழைப்பில் குறை இருக்காது. எடையை எப்போது, எவ்வளவு கூட்டுவது என்ற கணக்குதான் இருக்காது. அந்தக் கணக்குக்குப் புழக்கத்தில் மூன்று வழிகள் உண்டு. ஜிம்முக்குப் போகும் ஒவ்வொரு நாளும் கூட்டுவது 5×5. மாதம் ஒருமுறை கூட்டுவது 5/3/1. ரெப், அதாவது ஒரே மூச்சில் தூக்கும் முறைகளின் எண்ணிக்கை, ஏறிய பிறகே எடையை ஏற்றுவது டபுள் புரொகிரஷன்.

5×5

ஸ்ட்ராங்லிஃப்ட்ஸ் என்ற பெயரில் பரவிய வடிவம்தான் பலருக்கும் தெரிந்தது. வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. ஒரு நாள் ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ், பார்பெல் ரோ (குனிந்து நின்று பாரை வயிற்றை நோக்கி இழுப்பது). ஒவ்வொன்றும் ஐந்து செட் (நடுவில் ஓய்வெடுக்காமல் செய்யும் ரெப்களின் தொகுதி), செட்டுக்கு ஐந்து ரெப். அடுத்த பயிற்சி நாள் ஸ்குவாட், ஓவர்ஹெட் பிரஸ் (நின்றபடி பாரைத் தலைக்கு மேலே தள்ளுவது) அதே 5×5. டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிர்வது) மட்டும் ஒரே செட், ஐந்து ரெப். இவற்றை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். எல்லா ரெப்பும் முடிந்தால் அடுத்த முறை 2.5 கிலோ கூடும், டெட்லிஃப்ட்டில் 5 கிலோ.

20 கிலோ வெறும் பாரில் ஸ்குவாட்டைத் தொடங்கினால் 12 வாரத்தில், அதாவது 36-வது பயிற்சியில், ஏட்டுக் கணக்குப்படி 107.5 கிலோ வரும். நடுவில் தடை வந்து 80-இல் நின்றாலும் அது பெரிய முன்னேற்றம். புதியவருக்கு ஒரு நாள் பயிற்சியின் களைப்பு 48 மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. அசைவைப் பழகப் பழக, இருக்கும் தசையே கூடுதல் எடையைத் தூக்கக் கற்றுக்கொள்கிறது. இந்தக் காலத்தில் மாதம் ஒருமுறை கூட்டும் திட்டத்துக்குப் போவது, கிடைக்கும் பலனைக் கையால் தள்ளிவிடுவதுதான்.

முதலில் நிற்பது பெரும்பாலும் ஓவர்ஹெட் பிரஸ். 100 கிலோ ஸ்குவாட்டில் 2.5 கிலோ என்பது 2.5% தான், 30 கிலோ பிரஸ்ஸில் அதுவே 8 சதவீதத்துக்கு மேல். நம் ஜிம்கள் பலவற்றில் 1.25 கிலோ பிளேட்டே கிடையாது. இருப்பதில் சிறியது 2.5 என்றால், பக்கத்துக்கு ஒன்று போட்டதுமே 5 கிலோ, கிட்டத்தட்ட 17% ஏறிவிடும். யாராக இருந்தாலும் அங்கே நின்றுதான் போவார்கள். 0.5, 1.25 கிலோ பிளேட்டில் ஒவ்வொரு ஜோடி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த பெல்ட்டைவிட அவைதான் அதிகம் உதவும்.

அடுத்த தவறு, செட்டுகளுக்கு நடுவே ஒரு நிமிடம் மட்டும் நிற்பது. எடை ஏறியபின் மூன்று நிமிடம் தேவை. ஒரு செட் தவறினால் ஐந்து நிமிடம். அப்படியும் ஒரே எடையில் மூன்று முறை தொடர்ந்து தவறினால் 10% இறக்கி மீண்டும் ஏறி வாருங்கள். திரும்ப அதே இடத்தில் மாட்டினால் ஐந்து செட்டை மூன்றாகக் குறையுங்கள். வாரத்துக்கு 75 ஸ்குவாட் என்பது கனமான எடையில் உடலை அரைத்துவிடும். 3×5-உம் நின்றால்தான் இந்த வழி முடிந்தது என்று அர்த்தம்.

5/3/1

அமெரிக்க பவர்லிஃப்டர் ஜிம் வெண்ட்லர் வகுத்தது. இதன் உயிரே தொடக்க எடையில் இருக்கிறது. உங்களால் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடையில் 90% எடுத்து, அதை அடிப்படையாக வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் கணக்கிட வேண்டும். உச்சம் 100 கிலோ என்றால் அடிப்படை 90.

முதல் வாரம் அதில் 65, 75, 85 சதவீதம், மூன்று செட்டும் ஐந்து ரெப். இரண்டாம் வாரம் 70, 80, 90 சதவீதம், மும்மூன்று ரெப். மூன்றாம் வாரம் 75, 85, 95 சதவீதம். ரெப் 5, 3, 1. நான்காவது வாரம் 40, 50, 60 சதவீதத்தில் லேசான பயிற்சி. முதல் மூன்று வாரமும் கடைசி செட்டில் குறித்த ரெப்போடு நிறுத்தாமல், அசைவின் வடிவம் கெடாமல் வரும்வரை தூக்கலாம். 90 கிலோ அடிப்படைக்கு மூன்றாம் வார எடைகள் ஏறத்தாழ 67.5, 77.5, 85. இந்த நான்கு வாரச் சுற்று முடிந்ததும் அடிப்படையில் பெஞ்சுக்கும் பிரஸ்ஸுக்கும் 2.5, ஸ்குவாட்டுக்கும் டெட்லிஃப்ட்டுக்கும் 5 கிலோ கூட்டுங்கள்.

12 வாரத்தில் ஸ்குவாட்டுக்கு வெறும் 15 கிலோ கூடுகிறது. புதியவருக்கு இது ஆமை வேகம். 5×5-இல் பலமுறை இறக்கி ஏறி ஓய்ந்தவருக்கு இதுதான் சரியான வேகம். கெடுவது எங்கே என்றால், 90% என்பதை மதிக்காமல் முழு உச்சத்தையே அடிப்படையாக வைப்பதில். முதல் சுற்றிலேயே 95 கிலோ தூக்க வேண்டிவரும். சில சுற்றுகளில் கதவு அடைத்துவிடும்.

தசை வளர்ச்சிக்கு இந்த மூன்று செட் மட்டும் போதாது. முக்கியத் தூக்கு முடிந்ததும் அதே அசைவை அடிப்படையின் 50 சதவீதத்தில், மேலே சொன்ன ஆளுக்கு 45 கிலோவில், 5×10 செய்வது வழக்கம். முதுகுக்கு ரோவோ புல்-அப்போ தனியாகச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் நான்கு முக்கியத் தூக்குகளில் இழுக்கும் வேலை டெட்லிஃப்ட்டில் மட்டும்தான் இருக்கிறது.

டபுள் புரொகிரஷன்

எடையை மாற்றாமல் 3 செட் 8 ரெப்பில் தொடங்குங்கள். மூன்று செட்டிலும் 12 வந்தபின் எடையைக் கூட்டி மறுபடி 8-க்கு இறங்குங்கள். எளிய முறைதான், ஆனால் 8–12 என்ற வரம்பு எல்லாக் கருவிக்கும் பொருந்தாது. ஈப்லி சூத்திரப்படி எடை × (1 + ரெப் ÷ 30) என்பதுதான் ஒருமுறை உச்சத்தின் மதிப்பீடு. 12 முறை தூக்கும் எடையில் 10% கூட்டினால் சுமார் 8 முறை வரும்; அங்கே வரம்பு சரி. ஆனால் டம்பெல் 10 கிலோவிலிருந்து நேராக 12.5-க்குத் தாவினால் அது 25%. பழைய 12 ரெப், புதிய எடையில் நாலைக்கூடத் தொடாது. அங்கே 18 ரெப் வரை ஏறிவிட்டு மாறுங்கள். இத்தனை ரெப்பில் சூத்திரம் கொஞ்சம் பிசகும், என்றாலும் திசை சரி.

டம்பெல், கேபிள், மெஷின், சின்ன பிளேட் இல்லாத ஜிம் இவற்றுக்கெல்லாம் இதைவிட நல்ல வழி இல்லை. ஸ்குவாட், டெட்லிஃப்ட்டுக்கு மட்டும் இது கொஞ்சம் வீண்: 12 ரெப் டெட்லிஃப்ட்டில் கால் சோர்வதற்குள் மூச்சும் முதுகும் சோர்ந்து வடிவம் கெடும்.

எந்த வழியானாலும் முதல் நாளே பாரை எடை மெஷினில் வைத்துப் பாருங்கள். 20 கிலோ என்று சொல்லப்படும் கம்பி 20 கிலோவாக இல்லாமல் போகலாம். சதவீதக் கணக்கு போடும் 5/3/1-க்கு இது பெரிய குழப்பம். டெட்லிஃப்ட்டில் இன்னொன்று: 45 செ.மீ. விட்டமுள்ள பிளேட் இருந்தால்தான் பார் சரியான உயரத்தில் நிற்கும். சின்ன 10 கிலோ பிளேட் போட்டால் பார் தாழ்ந்துபோய் இடுப்பு வளையும். இரண்டு பக்கமும் பிளேட்டுக்கு அடியில் கட்டையோ வேறு பிளேட்டுகளோ அடுக்கி, பாரைத் தரையிலிருந்து ஒரு சாண் மேலே, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவாகத் தூக்கி வைத்துத் தொடங்குங்கள்.