செம்மண் அடைத்த பிட்டோ குழாய்: பலாலிக்கு வந்து திருத்தித் தந்த தம்பியின் வேலை

நல்லூர்த் திருவிழாவுக்காக இரத்மலானையிலிருந்து எங்கள் செஸ்னா 172 சிறு விமானத்தில் வந்து, பலாலியில் ஐந்து நாள் நிறுத்தியிருந்தேன். பிட்டோ குழாய் என்பது இறக்கையில் முன்னோக்கி நிற்கும் சின்னக் குழாய்; அதற்குள் வரும் காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் வேகமானி வேகம் காட்டும். அதை மூடும் உறையைக் கொண்டுவராதது என் பிழை. திரும்பும் நாள் காலை குழாயின் வாயைப் பார்த்தேன். அடைப்பு உள்ளே தள்ளி இருந்ததால் தெரியவில்லை. ஓடுபாதையில் விமானம் நல்ல வேகம் எடுத்த பிறகும் வேகமானி முள் பூச்சியத்திலேயே நின்றது. எஞ்சினைக் குறைத்து, பிரேக் பிடித்து, திரும்பி வந்துவிட்டேன்.

பக்கத்தில் நின்ற ஒரு அண்ணை, டயர் கடைக் கம்ப்ரஸரைக் கொண்டுவந்து ஊதி விடுவோம் என்றார். அக்கறையில்தான் சொன்னார். ஆனால் வேகமானிக்குள் இருப்பது மெல்லிய உலோகச் சவ்வு. குழாய் வேகமானியோடு பூட்டியிருக்கும்போது வெளியிலிருந்து ஊதினால் அதுதான் முதலில் போகும். 1996 இல் டொமினிக்கன் குடியரசுக் கரைக்கு அப்பால் போயிங் 757 ஒன்று விழுந்து 189 பேர் இறந்ததும் பிட்டோ குழாய் அடைபட்டதால்தான். அதை அடைத்தது குளவிக்கூடு என்றே சந்தேகம். பொறுத்திருந்து, இரத்மலானையில் அனுமதிப்பத்திரம் உள்ள ஒரு திருத்துநரைக் கூப்பிட்டேன்.

இரவு பஸ்ஸில் வந்தார். எட்டு மணிக்கு என்று சொல்லிவிட்டுப் பதினொரு மணிக்குத்தான் வந்தார். ஒரு தகவல் தந்திருக்கலாம். ஆனால் பிந்தி வந்தும் வேலையில் அவசரம் துளியும் இல்லை. முதலில் கருவிப்பலகைக்குப் பின்னால் தலையை விட்டு, வேகமானியிலிருந்து பைப்பைக் கழற்றினார். அப்புறம் உள்பக்கத்திலிருந்து இறக்கைப் பக்கமாக மெதுவாகக் காற்று விட்டார். மூன்றாவது தடவையில் விரல்நுனி அளவு செம்மண் உருண்டை வெளியே விழுந்தது. பலாலித் தோட்ட மண்ணின் அதே நிறம். உடைத்துப் பார்த்தால் உள்ளே கால் மடங்கிய சின்னச் சிலந்திகள். குளவி தன் குஞ்சுக்குச் சேர்த்து வைத்த சாப்பாடு.

“அண்ணை, குளவிக்கு ஒரு காலைப்பொழுது காணும்” என்றார்.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பிறகு செய்தவைதான். குழாயின் நீர் வடியும் சின்னத் துளையையும் பார்த்தார். பைப்பைத் திரும்பப் பூட்டி, அந்தத் துளையைத் தற்காலிகமாக மூடி, பிட்டோ வாயில் ரப்பர் குழாயும் சிரிஞ்சும் வைத்து, முள்ளில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே மெல்ல அழுத்தினார். முள் ஏறியதும் குழாயை நசித்துப் பிடித்து ஒரு நிமிடம் பார்த்தார். முள் இறங்கவில்லை. பைப்பில் கசிவு இல்லை என்று அதற்குப் பிறகுதான் சொன்னார். பக்கவாட்டில் இருக்கும் நிலையழுத்தத் துளையையும் (வெளிக்காற்றின் சாதாரண அழுத்தத்தை எடுக்கும் துளை) பார்த்து, பதிவேட்டில் செய்ததை எல்லாம் எழுதிக் கையொப்பம் வைத்தார். கூலி 35,000 ரூபாய், பஸ் காசு தனி. எனக்கு இது நியாயமான விலை.

உறை மட்டும் அவரிடம் இல்லை. யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் ஒரு தையற்காரர் அன்று பின்னேரமே சிவப்புத் துணியில் தைத்துத் தந்தார், கழற்ற மறக்காதபடி முழ நீள வாலும் வைத்து. அடுத்த நாள் அதைக் கழற்றிச் சீட்டில் போட்டுவிட்டு ஓடத் தொடங்கினேன். ஓடுபாதையில் கொஞ்சத் தூரத்திலேயே முள் எழும்பிவிட்டது.